வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு நெபுலைசர் வழியே ஆன்டிபயாட்டிக்: யாருக்கு, எப்போது, எப்படி?

அரவிந்த்_பிஜி

எல்லோருக்கும் வணக்கம். மயக்கவியல் பிஜி (மேற்படிப்பு மாணவன்), இப்போது ஐசியூ போஸ்டிங்கில் இருக்கிறேன். போன வாரம் ஜர்னல் கிளப்பில் அமிகின்ஹேல் என்ற மருந்துச் சோதனையை (டிரயல்) எடுத்தேன். நியூ இங்கிலாந்து ஜர்னலில் 2023-ல் வந்தது. பிரான்ஸில் 19 ஐசியூக்கள், மூன்று நாளாவது வென்டிலேட்டரில் இருந்த 850 நோயாளிகள். பாதிப் பேருக்குத் தினம் ஒரு வேளை, மூன்று நாளைக்கு, கிலோவுக்கு 20 மி.கி. கணக்கில் அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை நெபுலைஸ் செய்தார்கள் (புகையாக்கி மூச்சுக்குழாய்க்குள் விட்டார்கள்). மீதிப் பேருக்கு மருந்தில்லாத பிளாசிபோ. 28 நாளுக்குள் வென்டிலேட்டர் நிமோனியா (வி.ஏ.பி.) வந்தது அமிகாசின் பக்கம் 15 சதவீதம், மறுபக்கம் 22 சதவீதம்.

கிளப் முடிவதற்குள் யூனிட் இரண்டு கட்சியாகிவிட்டது. "மலிவான மருந்து, கையில் இருக்கிறது, நாளைக்கே ஆரம்பிக்கலாம்" என்கிறார் ஒருவர். "இதற்கு முன்னால் வந்ததெல்லாம் தோற்றது, ஒரு டிரயலை வைத்து ஆட வேண்டாம்" என்கிறார் இன்னொருவர். நான் கேட்க விரும்புவது இரண்டு. நிமோனியா வந்துவிட்டவருக்கு இப்படிக் கொடுத்தால் பலன் உண்டா? வராமல் இருக்க எல்லோருக்கும் கொடுக்கலாமா?

சரவணன்_ஐசியூ

தம்பி, இரண்டையும் தனித்தனியாகக் கேட்டது நல்லது. பலரும் அமிகின்ஹேலைக் காட்டி, வந்துவிட்ட நிமோனியாவுக்கு நெபுலைசரில் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது தடுப்புக்கான டிரயல், சிகிச்சைக்கானது அல்ல.

சிகிச்சையை முதலில் பார்ப்போம். இதன் தர்க்கம் யாரையும் இழுக்கும். அமிகாசின், கோலிஸ்டின் இரண்டுமே நரம்பு வழியாகப் போனால் நுரையீரலுக்குள் சரியாக இறங்காது. டோஸை ஏற்றினால் கிட்னி அடி வாங்கும். அதே மருந்தைப் புகையாக உள்ளே விட்டால் நுரையீரலில் பல மடங்கு சேரும், ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கும். இது அளந்து பார்த்த உண்மை. நானும் மறுக்கவில்லை.

ஆனால் ஆள் பிழைக்கிறாரா? 2020-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த இன்ஹேல் டிரயலைப் பாருங்கள். வென்டிலேட்டரில் இருந்த கிராம் நெகட்டிவ் (ஒரு பெரிய பாக்டீரியா வகை) நிமோனியா நோயாளிகள் 725 பேர். வழக்கமான ஐ.வி. (நரம்பு வழி) ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து 400 மி.கி. அமிகாசின், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, பத்து நாள். இதற்கென்றே வடிவமைத்த கருவி. நான்கு வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அமிகாசின் பக்கம் 75 சதவீதம், பிளாசிபோ பக்கம் 77. அதற்கு முன் 2017-ல் ஐயாசிஸ் டிரயல், 143 பேர், அமிகாசினும் ஃபாஸ்ஃபோமைசினும் கலந்து. சளியில் கிருமி குறைந்தது, நோயாளியின் நிலையில் மாற்றமில்லை. 2010-ல் பாங்காக் சிரிராஜ் மருத்துவமனையில் 100 பேருக்குக் கோலிஸ்டின் வைத்துப் பார்த்தார்கள். கிருமி அளவில் நல்ல முடிவு 60.9 சதவீதம், மருந்தில்லாத பக்கம் 38.2. நோயாளி அளவில் 51, 53.1. அதாவது ஒன்றும் மாறவில்லை.

கடைசி இரண்டிலும் சளியின் கிருமி டெஸ்ட்டான கல்ச்சர் சுத்தமாகிறது, ஆள் தேறவில்லை. நான் புரிந்துகொண்டது இது: நிமோனியா பிடித்த நுரையீரல் மடலில் சளியும் சீழும் அடைத்துக் காற்றே போவதில்லை. நெபுலைசர் மருந்து காற்று போகிற இடத்துக்குத்தான் போகும். நல்ல பகுதிக்கு மருந்து குவிகிறது, கெட்ட பகுதி பட்டினி கிடக்கிறது. ஐரோப்பிய நுண்ணுயிரியல் சங்கம் 2017-லேயே வழக்கமான சிகிச்சையாக இதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நானும் அந்தக் கட்சிதான்.

தென்காசி_டாக்டர்

> கல்ச்சர் சுத்தமாகிறது, ஆள் தேறவில்லை

சார், பேப்பர்ல படிச்சா நீங்க சொல்றது சரி. என் பெட்டுக்கு வாங்க. அறுபது வயசு, விஷம் குடிச்சு வந்தவர், டிரக்கியாஸ்டமி (கழுத்துல துளை போட்டு டியூப்) போட்டாச்சு. டியூப் கல்ச்சர்ல அசினெட்டோபாக்டர்ங்கற கிருமி. ரிப்போர்ட்ல மேலிருந்து கீழ வரைக்கும் ஆர், ஆர், ஆர், அதாவது மருந்து கேக்கலை. கடைசி வரில கோலிஸ்டின், அதுவும் 'இன்டர்மீடியட்'. கிரியேட்டினின் 3.2, கிட்னி கெட்டிருக்கு. ஐ.வி. கோலிஸ்டினை முழு டோஸ்ல கொடுத்தா டயாலிசிஸ்ல போய் நிக்கும். குறைச்சா நுரையீரலுக்கு எட்டாது. அந்த ராத்திரி நான் என்ன எழுதணும்?

இன்ஹேல் டிரயல்ல இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு ஐ.வி. மருந்தே வேலை செஞ்சிருக்கும். அங்க மேல ஒண்ணு சேர்த்தா வித்தியாசம் தெரியாது. எனக்குத்தான் ஐ.வி. கைவிட்டுடுச்சே. அமெரிக்க வழிகாட்டி 2016-லயே சொல்லுது: அமினோகிளைகோசைடு (அமிகாசின் வகை), பாலிமிக்சின் (கோலிஸ்டின் வகை) ரெண்டுக்கு மட்டும் கேக்கற கிருமின்னா ஐ.வி.யோட நெபுலைசரையும் சேருங்கன்னு. அதைத்தான் நான் செய்யறேன்.

ரேவதி_மைக்ரோ

டாக்டர், உங்கள் நிலைமை புரிகிறது. அந்த 'ஆர், ஆர், ஆர்' ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள் நான். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கண்காணிப்பு அறிக்கைகளில் கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் வகைக்கு மசியாத அசினெட்டோபாக்டர் 80 சதவீதத்துக்கு மேல்தான் வருகிறது. அதனால் இது உங்கள் ஊர் பிரச்சினை மட்டுமில்லை.

ஆனால் அந்த 2016 பரிந்துரையை முழுசாகப் படியுங்கள். பலவீனமான பரிந்துரை, மிகக் குறைந்த தரமுள்ள சான்று என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதே அமெரிக்கத் தொற்றுநோய் சங்கம் பிறகு வெளியிட்ட எதிர்ப்புக் கிருமி வழிகாட்டியில், இதே அசினெட்டோபாக்டருக்கு நெபுலைசர் ஆன்டிபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை என்று மாற்றிக்கொண்டார்கள். பழைய வரியை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

இன்னொன்று, எல்லோரும் சொல்கிற வாதம்: "ரிப்போர்ட்டில் உள்ள கட்-ஆஃப் ரத்தத்துக்கானது. நெபுலைசரில் அளவு பல மடங்கு ஏறுவதால் ஆர் என்று வந்தாலும் அமிகாசின் கேட்கும்." கொஞ்சம் எதிர்ப்பு உள்ள கிருமிக்கு இது பொருந்தலாம். நம்மூர் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் பலதில், மருந்து போய்ப் பிடிக்கும் இடமான ரைபோசோமையே மாற்றிவிடும் மெத்திலேஸ் ஜீன் இருக்கிறது, ஆர்ம்-ஏ மாதிரி. அது இருந்தால் எம்.ஐ.சி. (கிருமியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) 256-க்கும் மேலே போய்விடும். மருந்தைக் குளிப்பாட்டினாலும் கிருமி அசையாது. கார்பபெனத்தை முறிக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி பற்றி 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள் இருந்தன. அப்போதே பெரும்பாலானவை கோலிஸ்டினுக்கும் டைஜிசைக்ளினுக்கும்தான் கட்டுப்பட்டன. அதற்குப் பிறகு நிலைமை மேம்படவில்லை.

பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது, பிஜிக்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1970-களில் பாஸ்டனில் ஒரு ஐசியூவில் 292 நோயாளிகளுக்கு ஏழு மாதம் தொடர்ந்து பாலிமிக்சினைத் தொண்டைக்குள் தெளித்தார்கள், நிமோனியாவைத் தடுக்க. நிமோனியா வந்தது 11 பேருக்கு மட்டும். அங்கேயே நிறுத்தினால் பெரிய வெற்றி. ஆனால் அந்த 11-ல் 10 பேருக்கு வந்தது பாலிமிக்சினுக்கு அடங்காத கிருமி, நிமோனியா வந்தவர்களில் 64 சதவீதம் பேர் இறந்தார்கள். 1975-ல் பிரசுரமானது. அதோடு அந்த முறையைக் கைவிட்டார்கள்.

ஜெனிட்டா_நர்ஸ்

டாக்டர்கள் எல்லாரும் மருந்தைப் பத்தியே பேசுறீங்க. மருந்து உள்ள போகுதான்னு யாராவது பார்த்தீங்களா?

நைட் டியூட்டியில நடக்கிறதைச் சொல்றேன். 'கோலிஸ்டின் நெபு, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை'ன்னு கேஸ் ஷீட்ல இருக்கும். எப்படிக் கொடுக்கணும்னு ஒரு வரி இருக்காது. ஜெட் நெபுலைசர் கப்பை சர்க்யூட்ல கிடைச்ச இடத்துல மாட்டுவாங்க. மூச்சுக் காத்தை ஈரமா, சூடா வைக்கிற ஹெச்.எம்.இ. ஃபில்டர் டியூபுக்கும் கப்புக்கும் நடுவுல அப்படியே இருக்கும். மருந்து பூரா அந்த ஃபில்டர்ல போய் ஊறி நிக்கும். நோயாளிக்குப் போறது காத்து மட்டும்தான். சில நேரம் கொரகேட்டட் டியூபோட பள்ளத்துல மருந்து குளமா தேங்கி நிக்கிறதைப் பார்த்திருக்கேன். காலையில ரவுண்ட்ஸ்ல "நெபு போச்சா சிஸ்டர்?" "போச்சு சார்." சார்ட்ல டிக் விழுந்துடும்.

மூணு பெட்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கிற யூனிட்ல, அரை மணி நேரம் ஒரு நெபுலைசர் பக்கத்துல நிக்க ஆள் எங்க இருக்கு? அதையும் கணக்குல வச்சுக்கிட்டுப் பேசுங்க.

பாலா_ஆர்டி

சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டா என் பங்குக்குக் கொஞ்சம் விவரமா எழுதறேன், யாராவது பிரிண்ட் எடுத்து ஒட்டினா சந்தோஷம்.

பெரிய டிரயல்கள்ல பயன்படுத்தினது வைப்ரேட்டிங் மெஷ் நெபுலைசர். சல்லடை மாதிரி தகடு அதிர்ந்து மருந்தைத் துளியாக்கும், வெளியிலிருந்து காத்து சேர்க்காது. நம்ம ஜெட் நெபுலைசருக்கு நிமிஷத்துக்கு 6-லிருந்து 8 லிட்டர் ஆக்சிஜன் ஓடணும். அந்தக் காத்து டைடல் வால்யூமையும் (ஒரு மூச்சுக்குப் போற காத்தளவு) டிரிகரையும் (நோயாளி மூச்சிழுக்கிறதை மெஷின் உணர்றது) குழப்பும், மருந்துல பெரும்பகுதி கப்புலயும் டியூப்லயும் நின்னுடும். அதனால 'அந்த டிரயல்ல வேலை செஞ்சது'ன்னு சொல்லிட்டு ஜெட்ல அதே டோஸைப் போட்டா, நீங்க கொடுக்கிறது வேற சிகிச்சை.

ஹெச்.எம்.இ.யைக் கழட்டணும். நெபுலைசரை இன்ஸ்பிரேட்டரி லிம்ப்ல (மூச்சு உள்ள போற குழாய்), ரெண்டு குழாயும் சேர்ற ஒய் பீஸுக்கு ஒரு சாண் முன்னாடி வைக்கணும். முழங்கை மாதிரி வளைஞ்ச கனெக்டர் இருந்தா எடுத்துட்டு நேரா போற கனெக்டர் மாட்டணும், வளைவுல மோதியே மருந்து போயிடும். வால்யூம் கன்ட்ரோல், மாறாத ஃப்ளோ, அதுவும் மெதுவான ஃப்ளோ, மூச்சு இழுத்த முடிவுல ஒரு பாஸ். நோயாளி வென்டிலேட்டரோட சண்டை போட்டா துளியெல்லாம் பெரிய குழாய்லயே படிஞ்சுடும், அதனால டாக்டர் சொன்னா அந்த நேரத்துக்கு மட்டும் செடேஷன் (மயக்க மருந்து) கொஞ்சம் கூட்டலாம்.

இதை மட்டும் மறக்காதீங்க: எக்ஸ்பிரேட்டரி பக்கம் (மூச்சு வெளிய வர்ற குழாய்ல) ஃபில்டர் போடணும், ஒவ்வொரு நெபுவுக்கும் அப்புறம் மாத்தணும். மருந்து உப்பா படிஞ்சு அந்த ஃபில்டர் அடைச்சு, நோயாளிக்கு இதயமே நின்ன சம்பவம் ஆராய்ச்சிக் கட்டுரையில பதிவாயிருக்கு. பீக் பிரஷர் ஏறுது, மூச்சு வெளிய வர மாட்டேங்குதுன்னா முதல்ல அந்த ஃபில்டரைப் பாருங்க. நெபு முடிஞ்சதும் ஹெச்.எம்.இ.யைத் திரும்ப மாட்டுங்க, செட்டிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாங்க. இதை மறந்த கேஸும் உண்டு.

முருகேசன்78

மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை. எங்கப்பா ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நெஞ்சில் சளி, காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. நேற்று "ஊசியோடு புகை மருந்தும் ஆரம்பிக்கிறோம், கோலிஸ்டின்" என்றார்கள். தேடியபோது இந்த இழை கிடைத்தது. படித்தால் பயமாக இருக்கிறது. பலனில்லாத மருந்தைக் கொடுக்கிறார்களா? நிறுத்தச் சொல்லட்டுமா?

சரவணன்_ஐசியூ

முருகேசன் அண்ணே, பதறாதீங்க. நாங்க இங்க பேசுவது பொதுவாக எல்லா நோயாளிக்கும் எழுதலாமா என்பதைத்தான். உங்க அப்பாவின் கல்ச்சரும் எக்ஸ்ரேயும் பார்த்த டாக்டருக்கு ஒரு காரணம் இருக்கும். மேலே தென்காசி டாக்டர் சொன்ன மாதிரி, வேறு மருந்து கேட்காத கிருமியாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

ஆனால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சளி டெஸ்ட்டில் என்ன கிருமி வந்தது, எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று கேளுங்க. ஊசி மருந்து நிற்கிறதா, தொடர்கிறதா என்று கேளுங்க, ஏனென்றால் புகை மருந்து மட்டும் தனியாகப் போதாது. அப்பாவின் கிட்னி எப்படி இருக்கிறது, இந்த மருந்து எத்தனை நாள் என்பதையும் கேளுங்க. ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் உட்காரும் நேரத்தில் பொறுமையாகக் கேட்டால் சொல்வார்கள். அப்பா நல்லபடியாக வரட்டும்.

முருகேசன்78

ரொம்ப நன்றி டாக்டர். காலையில் கேட்கிறேன்.

மருந்தக_மீனா

கிளினிக்கல் பார்மசிஸ்ட். கோலிஸ்டின் எழுதுகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், யூனிட்டை எழுதுங்கள். 10 லட்சம் யூனிட் என்பது கோலிஸ்டிமெத்தேட் சோடியம் (கோலிஸ்டினாக மாறும் மூல மருந்து) கணக்கில் சுமார் 80 மி.கி. அதையே அமெரிக்க முறையில் கோலிஸ்டின் பேஸ் கணக்கில் சொன்னால் 30 மி.கி.யை ஒட்டி வரும். ஷீட்டில் வெறுமனே "கோலிஸ்டின் 80 மி.கி." என்று இருந்தால் எந்தக் கணக்கு? இரண்டரை மடங்கு வித்தியாசம். அந்த நோயாளிக்கு இருப்பதோ நொண்டுகிற கிட்னி.

கலந்து வைத்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். தண்ணீரில் கலந்ததும் கோலிஸ்டிமெத்தேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கோலிஸ்டினாக மாறும், அது நுரையீரலைப் புண்ணாக்கும். முன்கூட்டியே கலந்து விற்ற நெபுலைசர் மருந்தைப் பயன்படுத்திய ஒரு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைத் தாக்கும் பரம்பரை நோய்) நோயாளி இறந்த பிறகு, 2007-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. கலந்தவுடன் கொடுக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அடுத்த டோஸுக்கு ஃப்ரிட்ஜில் வைக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள்.

அமிகாசின் பக்கம் வந்தால், நம்மிடம் இருப்பது ஊசிக்கான வயல், 2 மில்லியில் 500 மி.கி. அதில் பொதுவாக சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்ந்திருக்கும், ஆஸ்துமா உடம்புக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்கலாம். பிரெஞ்சு டிரயல் டோஸைப் போட்டால், உயரத்துக்கேற்ற எடை 60 கிலோ உள்ளவருக்கு 1200 மி.கி., கிட்டத்தட்ட 5 மில்லி. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்புட்டமாலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் டோஸுக்கு யாராவது கூட நிற்க வேண்டும்.

தென்காசி_டாக்டர்

பாலா, மீனா மேடம், ரெண்டு பேருக்கும் நன்றி. பாலா எழுதினதை அப்படியே எங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன்.

ரேவதி மேடம், வழிகாட்டி மாறினது தெரியும். ஆனா 'பரிந்துரைக்கவில்லை'ங்கறதும் 'செய்யாதே'ங்கறதும் ஒண்ணில்லை. என் மாதிரி நோயாளிகளை மட்டும் எடுத்து, சரியான கருவியில பெரிய டிரயல் யாரும் பண்ணி முடிக்கலை. அது வர்ற வரைக்கும், கோலிஸ்டின் மட்டும் பாக்கி, கிட்னி போயிட்டிருக்குங்கற இடத்துல நான் நெபுலைசரைச் சேர்ப்பேன். ஒரு வாரத்துல முன்னேற்றம் இல்லைன்னா நிறுத்துவேன். எல்லா வி.ஏ.பி.க்கும் அனிச்சையா எழுதறதை நானும் எதிர்க்கறேன், எங்க ஊர்லயே அது நடக்குது.

ரேவதி_மைக்ரோ

அந்த அளவுக்கு நானும் வருகிறேன். ஒரு நிபந்தனை மட்டும். அது டியூபில் குடியிருக்கிற கிருமியா, நிமோனியா உண்டாக்கிய கிருமியா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அசினெட்டோபாக்டர் டியூபில் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். எக்ஸ்ரேயில் புதிதாக எதுவும் இல்லை, ஆக்சிஜன் தேவை ஏறவில்லை, கல்ச்சர் மட்டும் பாசிட்டிவ் என்றால் அதற்கு மருந்தே வேண்டாம், புகையும் வேண்டாம். எனக்கு வருகிற டியூப் சாம்பிள்களில் 'எதற்காக அனுப்பினீர்கள்' என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே வருகிறது. கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை 2019-ல் நம் அரசு தடை செய்ததே இந்தக் கடைசி மருந்தைக் காப்பாற்றத்தான். அதை வார்டில் நாமே இறைக்கக் கூடாது.

அரவிந்த்_பிஜி

எல்லோருக்கும் நன்றி. சிகிச்சைக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தடுப்புக் கேள்வி பாக்கி. 22-லிருந்து 15 என்றால் 14 பேருக்குக் கொடுத்து ஒரு நிமோனியாவைத் தடுக்கிறோம். சிறியதில்லையே? சிகிச்சையில் தோற்றது தடுப்பில் ஜெயித்ததற்குக் காரணமும், சரவணன் சார் சொன்ன அடைத்த மடல்தான் என்று தோன்றுகிறது. நிமோனியா வருவதற்கு முன் நுரையீரல் திறந்திருக்கிறது, கிருமி டியூபிலும் மூச்சுக்குழாயிலும் மட்டும்தான் இருக்கிறது, மருந்து நேராக அங்கே போய்ச் சேர்கிறது.

சரவணன்_ஐசியூ

சரியாகப் பிடித்தீங்க. எனக்கும் அதுதான் காரணமாகப் படுகிறது. அமிகின்ஹேல் நேர்மையாக நடந்த, நல்ல டிரயல். மூன்று நாளோடு நிறுத்தியது அதன் பலம், பாஸ்டனில் மாதக்கணக்கில் தெளித்த மாதிரி இல்லை.

ஆனால் அதில் நிமோனியா குறைந்ததே தவிர, வென்டிலேட்டர் நாளோ சாவோ குறைந்ததாகக் காட்டவில்லை. அதைக் காட்டுகிற அளவுக்கு ஆளெண்ணிக்கையும் இல்லை. பிரான்ஸில் அமிகாசின் பெரும்பாலான கிருமிக்குக் கேட்கும். நம்மிடம்? உங்க யூனிட் ஆன்டிபயோகிராம் (எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கிறது என்ற பட்டியல்) தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால், செலவில்லாத வேலைகள் நடக்கிறதா என்று ஒரு வாரம் நீங்களே பாருங்க. தலைமாடு உயர்ந்திருக்கிறதா? டியூபைச் சுற்றிய பலூனின் கஃப் பிரஷர் 20-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கிறதா, இல்லை விரலால் அமுக்கிப் பார்த்து ஓகே சொல்கிறார்களா? காலையில் செடேஷனை நிறுத்தி ஆளை எழுப்புகிறீர்களா? பல் துலக்குகிறார்களா? 2023-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், தினமும் பிரஷ் வைத்துப் பல் துலக்கியதே மருத்துவமனை நிமோனியாவைக் குறைத்தது, அதுவும் வென்டிலேட்டர் நோயாளிகளிடம்தான் பலன் கூடுதல். தலைக் காயத்தோடு, ஸ்ட்ரோக்கோடு வருபவர்களுக்கு டியூப் போட்டதும் ஒரே ஒரு டோஸ் செஃப்ட்ரியாக்சோன் கொடுத்த பிரெஞ்சு டிரயல் 2024-ல் வந்தது. ஆரம்பக்கட்ட வி.ஏ.பி. 32 சதவீதத்திலிருந்து 14 ஆனது. நெபுலைசரும் வேண்டாம், கூட நிற்க ஆளும் வேண்டாம். நியூரோ கேஸ் அதிகம் வருகிற யூனிட் என்றால் நான் முதலில் அதைத்தான் பேசுவேன்.

அரவிந்த்_பிஜி

எங்கள் யூனிட்டில் பாதிக்கு மேல் தலைக் காயம்தான் சார். ஹெச்.ஓ.டி.யிடம் அதையும் சேர்த்தே வைக்கிறேன். ரேவதி மேடம், ஆன்டிபயோகிராம் கேட்டால் லேபிலிருந்து என்ன மாதிரி கேட்க வேண்டும்?

ரேவதி_மைக்ரோ

மருத்துவமனை மொத்தத்துக்கும் போட்ட ஆன்டிபயோகிராம் வேண்டாம், அதில் ஓ.பி. யூரின் கல்ச்சரெல்லாம் கலந்திருக்கும். உங்கள் ஐசியூ, டியூப் சாம்பிள் மட்டும், கடைசி ஒரு வருஷம், ஒரு நோயாளிக்கு ஒரு கிருமியின் முதல் ஐசொலேட் (சாம்பிளில் பிரித்தெடுத்த கிருமி) மட்டும் என்று எழுதிக் கேளுங்கள். அதில் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் மூன்றுக்கும் அமிகாசின் எஸ் (மருந்து கேட்கிறது) எவ்வளவு என்று பாருங்கள். 2023-லிருந்து கிளெப்சியெல்லா வகைக்கு அமிகாசின் கட்-ஆஃபை, லேப் தரநிலை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. 4-க்கு இறக்கிவிட்டது, லேப் பழைய கட்-ஆஃபிலேயே படிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி ஆர் என்றால் அமிகின்ஹேலை உங்கள் யூனிட்டில் நடத்த வேண்டாம்.

ஜெனிட்டா_நர்ஸ்

கடைசியா எனக்கொரு சந்தேகம். நெபு ஓடும்போது பக்கத்துல நிக்கிற எங்களுக்கு அந்த மருந்து போகாதா? எங்க யூனிட்ல ஒரு கர்ப்பிணி ஸ்டாஃப் இருக்காங்க.

பாலா_ஆர்டி

போக வாய்ப்பிருக்கு சிஸ்டர், சர்க்யூட் கழண்டாலோ எக்ஸ்பிரேட்டரி ஃபில்டர் இல்லாம ஓட்டினாலோ. நல்ல ஃபில்டர் போட்டு, நெபு ஓடும்போது சக்ஷனுக்காக சர்க்யூட்டைத் திறக்காம இருந்தா வெளிய வர்றது ரொம்பக் குறையும். க்ளோஸ்டு சக்ஷன் (சர்க்யூட்டைத் திறக்காமலே சளி உறிஞ்சறது) இருந்தா இன்னும் நல்லது. கப்புல மருந்து ஊத்தறவங்க மாஸ்க், கிளவுஸ் போடுங்க. அமிகாசின் கர்ப்பத்துல ஆகாத மருந்து, அதனால அந்த ஸ்டாஃபுக்கு இந்த பெட்டைப் போடாதீங்க, இன்சார்ஜ்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.